மணல்மேல் நிலைத்த அணை

நுழையும்முன்

ஆற்றின் குறுக்கே அணை கட்டுவதும் ஆற்றோரம் கரை எழுப்புவதும் மனிதர் நெடுங்காலமாகச் செய்துவரும் பணிகள். ஆயினும் ஆறு, அணை கட்டிய நாளில் இருந்தவாறே என்றும் இருப்பதில்லை. ஓரிடத்தில் தடுத்தால் வேறோரிடத்தில் அரிக்கும். வேகம் குறையும் இடத்தில் மணலைக் குவிக்கும். கரையை உயர்த்தக் காலப்போக்கில் படுகையும் உயரும். ஆற்றின் இவ்வியல்பை அறியாது எழுப்பப்படும் கட்டுமானம், காக்க வேண்டிய ஊரையே அழித்துவிடக்கூடும். காவிரியிலும் கோதாவரியிலும் இவ்வுண்மையைக் கற்று, பல நூறாயிரம் ஏக்கர் நிலத்துக்கு நீர் வழங்கிய பொறியாளர் சர் ஆர்தர் காட்டனின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் பயிற்சியும்

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். ஆண்மக்கள் பலர் நிறைந்த பெரிய குடும்பம் அவருடையது. அவர்களுள் சிலர் பொறியாளர்களாகி இந்தியாவில் பணியாற்றினர். ஆர்தர் தம் பதினைந்தாம் வயதில், கிழக்கிந்தியக் கம்பெனி தன் படை அலுவலர்களைப் பயிற்றுவதற்காக நடத்திவந்த அடிஸ்கோம்ப் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம், நில அளவை, கோட்டை அமைப்பு ஆகியவற்றை அங்குக் கற்றார். 1819ஆம் ஆண்டு பொறியாளர் படைப்பிரிவில் இடம்பெற்றார். சிலகாலம் வேல்ஸ் பகுதியில் நில அளவைப் பணி புரிந்தபின், 1821இல் சென்னை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

சென்னை மாகாணத்தின் தென்பகுதியில் ஏரிகளைப் பேணும் துறையில் அவருக்குப் பணி கிடைத்தது. மண்கரை, மதகு, கலிங்கு, வரத்துக்கால் எனத் தமிழகத்தின் நீர்நிலை அமைப்புகளை அவர் நேரில் கண்டறிந்த காலம் அது. பாம்பன் கால்வாயைக் கப்பல் செல்லுமாறு ஆழப்படுத்துவதற்கான ஆய்விலும் ஈடுபட்டார். 1824இல் மூண்ட முதலாம் பர்மியப் போரில் பங்கேற்றுத் திரும்பினார். அதன்பின் அவருடைய வாழ்க்கையின் போக்கைத் தீர்மானித்த பணி அவரைத் தேடி வந்தது. 1829இல் காவிரிப் பாசனப் பகுதிக்குத் தனிப் பொறுப்பாளராக அவர் அமர்த்தப்பட்டார்.

காவிரியும் கொள்ளிடமும்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னும் இடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்லும் கிளை கொள்ளிடம்; தெற்கே செல்லும் கிளை காவிரி என்னும் பெயரையே தாங்கி நடக்கிறது. இரண்டுக்கும் இடையே திருவரங்கத் தீவு அமைந்துள்ளது. தீவின் கீழ்முனையில் இரு கிளைகளும் மீண்டும் நெருங்கி வருகின்றன. அங்கேதான் கல்லணை நிற்கிறது. கல்லணைக்குக் கீழே காவிரி, வெண்ணாறு முதலிய பல கிளைகளாக விரிந்து தஞ்சை நிலத்துக்கு நீரூட்டுகிறது. கொள்ளிடமோ பாசனக் கிளைகள் மிகுதியின்றி நேராகக் கடலை நோக்கிச் செல்லும் வெள்ளப் போக்கு ஆறாகும்.

இவ்விரு கிளைகளுக்கும் இடையே இயற்கை ஒரு போட்டியை வைத்திருந்தது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. அதன் வழி சரிவு மிகுந்தது. நீர் எப்போதும் எளிய வழியையே நாடும். ஆதலால் ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் கொள்ளிடம் தன் படுகையை மேலும் ஆழமாக்கிக்கொண்டது. காவிரிக் கிளையிலோ நீரின் வேகம் குறையக் குறைய மணல் படிந்து படுகை மேடிட்டது. மேடிட்ட படுகையில் நீர் ஏறாது. நீர் ஏறாவிடில் மணல் மேலும் படியும். இவ்வாறு ஆண்டுதோறும் கொள்ளிடம் வலுத்தது, காவிரி நலிந்தது.

1799இல் தஞ்சை நாட்டின் ஆட்சிப் பொறுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டிருந்தது. நிலவரியே அதன் முதன்மை வருவாய். நீர் குறைந்தால் விளைச்சல் குறையும். விளைச்சல் குறைந்தால் வரி குறையும். எனவே காவிரியைக் காப்பதில் கம்பெனிக்கு அக்கறை பிறந்தது. 1804இல் கால்டுவெல் என்னும் படைத்தலைவர் கல்லணையின் மேற்பகுதியை உயர்த்தவும் ஆற்றுக் கரைகளைப் பலப்படுத்தவும் வழிகூறினார். அணை உயர்ந்ததால் காவிரியில் சற்று மிகுதியான நீர் தங்கியது. ஆயினும் நீரோடு வந்த மணல் வெளியேற வழியில்லை. படுகை உயர்ந்தது, அதற்கேற்பக் கரைகளையும் உயர்த்த வேண்டியதாயிற்று. காட்டன் பொறுப்பேற்றபோது தஞ்சை உழவர்கள் நீர்ப் பற்றாக்குறைக்கும் கரையுடைப்புக்கும் ஒருங்கே அஞ்சி வாழ்ந்தனர்.

கல்லணை கற்பித்த பாடம்

காவிரியை ஆராயத் தொடங்கிய காட்டனின் கவனத்தை முதலில் ஈர்த்தது கல்லணையாகும். கரிகால் சோழன் கட்டியதாகப் போற்றப்படும் இவ்வணை ஏறத்தாழ 1080 அடி நீளமும் 40 முதல் 60 அடி அகலமும் 15 முதல் 18 அடி உயரமும் உடையது. அது பாறைமீது எழுப்பப்பட்டதன்று. அதன் கீழே இருப்பது ஆற்று மணல். ஓடும் நீர் மணலை அரித்துச் செல்லும். மணல்மேல் நின்ற கல் அதனுள் இறங்கும். அவ்வாறு இறங்கிய கற்களின்மேல் மேலும் கற்களை அடுக்கி, அவை ஒன்றையொன்று பற்றி அசைவற நிலைபெறும் வரை பழந்தமிழர் பணியைத் தொடர்ந்தனர். ஆற்றின் அரிக்கும் ஆற்றலையே அடித்தளம் இடுவதற்கு அவர்கள் பயன்படுத்திக்கொண்டனர்.

அக்காலத்து ஐரோப்பியப் பொறியாளர் பலர் உறுதியான அடித்தளத்துக்குப் பாறையோ கெட்டியான களிமண்ணோ வேண்டும் என்று கருதினர். தென்னிந்தியாவின் பெரிய ஆறுகளில், சமவெளிப் பகுதியில், எத்தனை அடி தோண்டினாலும் மணலே இருந்தது. ஆழம் காணவியலாத மணலில் அணை நிற்க முடியும் என்பதற்குக் கண்கண்ட சான்றாகக் கல்லணை விளங்கியது. மணலில் அடித்தளம் இடும் கலையை இந்நாட்டுப் பழம்பொறியாளரிடமிருந்தே தாம் கற்றதாகக் காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். அதனை அவர் பேரணை எனப் பொருள்படும் பெயரால் அழைத்தார். ஆங்கில ஆவணங்களில் அப்பெயரே நிலைத்தது.

கல்லணையிலிருந்து அவர் கற்றது கட்டும் முறை மட்டுமன்று; குறை ஒன்றையும் கண்டார். அணைக்கு மேலே படியும் மணல் வெளியேற வழியின்றிக் கிடந்தது. எனவே அணையின் சில பகுதிகளில் திறப்புகளை உண்டாக்கி மணற்போக்கிகளை அமைத்தார். படுகையின் மட்டத்தில் அமைந்த இத்திறப்புகளைத் திறந்துவிட்டால், விரைந்து பாயும் நீர் அருகிலுள்ள மணலையும் அடித்துச் சென்றுவிடும். நீரைத் தேக்குவதோடு மணலை வெளியேற்றுவதும் அணையின் கடமை என்பதை இத்திருத்தம் உணர்த்தியது.

மேலணை

மணற்போக்கிகள் ஓரளவே பயன் தந்தன. நோயின் வேர் கல்லணையில் இல்லை. அது முக்கொம்பில், காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்தில் இருந்தது. அங்கே கொள்ளிடத்தின் வாயில் ஒரு தடுப்பு இருந்தால், நீர்மட்டம் உயர்ந்து காவிரிக்கு உரிய பங்கு சென்று சேரும். அதே வேளையில் பெருவெள்ளம் வந்தால் அது தடுப்பின்மேல் வழிந்து கொள்ளிடத்தின் வழியே கடலுக்குப் போய்விடவும் வேண்டும். ஆகவே உயர்ந்த அணை பயன்படாது. தாழ்வான, அகன்ற, வெள்ளம் தலைமேல் வழிந்தோடினும் சிதையாத அணையே தேவை என்று காட்டன் திட்டமிட்டார்.

1836ஆம் ஆண்டு முக்கொம்பில் மேலணைப் பணி நடைபெற்றது. அடித்தளத்துக்கு இந்நாட்டில் வழக்கிலிருந்த கிணறு இறக்கும் முறை கையாளப்பட்டது. செங்கல்லால் வட்ட வடிவிலான உறையை மணல்மேல் கட்டி, அதன் உள்ளிருக்கும் மணலைத் தோண்டி எடுக்க, உறை தன் எடையாலேயே மெல்ல உள்ளே இறங்கும். வேண்டிய ஆழம் சென்றதும் அதனைக் கல்லாலும் சுண்ணாம்புக் கலவையாலும் நிரப்புவர். அருகருகே இவ்வாறு இறக்கிய கிணறுகளின் வரிசைமீது அணைச்சுவர் எழுப்பப்பட்டது. அணையைத் தாண்டி விழும் நீர் அடிமணலைக் குடைந்துவிடாதபடி, கீழ்ப்புறத்தில் பெருங்கற்கள் பரப்பப்பட்டன. இடையிடையே மணற்போக்கிகளும் வைக்கப்பட்டன.

அதே காலத்தில் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் மற்றோர் அணையும் கட்டப்பட்டது. கீழணை எனவும் அணைக்கரை எனவும் அது வழங்கப்படுகிறது. மேலணையைக் கடந்து செல்லும் நீரையும் ஆற்று மணலில் ஊறி வரும் நீரையும் தடுத்து வீராணம் ஏரிக்கும் சுற்றுப்புற வயல்களுக்கும் அது வழங்கியது. ஓர் ஆற்றின் தலைப்பிலும் இடையிலும் இறுதியிலும் அமைந்த அணைகள் ஒரே அமைப்பாக இயங்கத் தொடங்கின. தஞ்சைப் பகுதியில் பாசனம் சீரடைந்தது, விளைச்சல் பெருகியது.

ஆற்றின் மறுமொழி

மேலணை வெற்றி பெற்றது. ஆனால் ஆறு அத்துடன் அமைதி அடைந்துவிடவில்லை. கொள்ளிடத்தின் வாய் உயர்ந்ததால் காவிரிக் கிளைக்குள் மிகுதியான நீர் வேகத்துடன் நுழைந்தது. முன்பு மணல் மேடிட்டு நலிந்த அக்கிளையின் தலைப்பு இப்போது அரிக்கப்பட்டு ஆழமாகியது. நீர் இல்லையே என்று வருந்திய உழவர்கள், வெள்ளம் வந்தால் கரை தாங்குமா என்று அஞ்சும் நிலை தோன்றியது. காவிரியின் கரைகள் அளவான நீருக்கு ஏற்ப அமைந்தவை. அவற்றின் மறுபுறம் வயல்களும் ஊர்களும் இருந்தன. கொள்ளிடத்தைப்போல அது வெள்ளத்தைச் சுமக்கும் ஆறன்று.

இந்நிலையைச் சீர்செய்ய இரண்டு திருத்தங்கள் மேற்கொள்ளப்பட்டன. கொள்ளிடத்து மேலணையின் நடுப்பகுதி தாழ்த்தப்பட்டது. 1845இல் காவிரிக் கிளையின் தலைப்பில், அதன் படுகை மேலும் அரிக்கப்படாதவாறு குறுக்குத் தடுப்பு ஒன்று கட்டப்பட்டது. ஒரு கிளையை அடைத்தபோது உண்டான விளைவை மறுகிளையில் சரிசெய்ய வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் தனித்தனியே கதவுகளுடன் கூடிய மதகுகள் அமைந்ததும் இத்தொடர்ச்சியே ஆகும்.

இதனை மேலணையின் தோல்வி எனக் கருதுதல் பொருந்தாது. ஆற்றில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆறு ஒரு மறுமொழி தரும். அதனைக் கண்காணித்துத் திருத்துவதும் கட்டுமானத்தின் ஒரு பகுதியே என்பதே இந்நிகழ்ச்சி தரும் தெளிவு.

தெரிந்து தெளிவோம்

மலைப்பகுதியில் வேகமாகப் பாயும் ஆறு வண்டலையும் மணலையும் சுமந்து வருகிறது. சமவெளியை அடைந்ததும் அதன் வேகம் குறைகிறது, சுமையை இறக்கிவைக்கிறது. வெள்ளக் காலத்தில் கரை கடந்து பரவும் நீர், ஆற்றை அடுத்த நிலத்திலேயே பெரும்பகுதி வண்டலைப் படியவிடும். ஆதலால் கழிமுகச் சமவெளியில் ஆறு பள்ளத்தில் ஓடாமல் மேட்டின்மேல் ஓடுகிறது. இவ்வமைப்பு பாசனத்துக்கு நன்மை தருவது; மேட்டிலிருந்து இருபுறமும் வாய்க்கால் வெட்டினால் நீர் தானே பாயும். வெள்ளத்துக்கோ இதுவே தீமையாகிறது. கரை உடைந்தால் வெளியேறிய நீர் மீண்டும் ஆற்றுக்குத் திரும்புவதில்லை. கரைகளுக்கிடையே அடைபட்ட ஆறு, முன்பு வயலெங்கும் பரப்பிய வண்டலைத் தன் படுகையிலேயே சேர்த்துக்கொள்ளும். ஆகவே கரையை மட்டும் உயர்த்திக்கொண்டே செல்வது நிலையான தீர்வாகாது.

கோதாவரியின் துயரம்

காவிரியில் பெற்ற பட்டறிவு, அதனினும் பெரிய ஆறு ஒன்றுக்குக் காட்டனை இட்டுச்சென்றது. ஏறத்தாழ 1465 கிலோமீட்டர் நீளமுள்ள கோதாவரி, தென்னிந்தியாவின் மிக நீண்ட ஆறாகும். மூன்று லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலப்பரப்பில் பெய்யும் மழைநீர் அதில் வந்து சேர்கிறது. இராஜமுந்திரிக்கு அருகில் மலைகளை விட்டு வெளியேறி, கிளைகளாகப் பிரிந்து கடலை அடைகிறது. மழைக்காலத்தில் கடல்போல் விரியும் அவ்வாறு, கோடையில் மணல்வெளியாகக் காட்சியளிக்கும்.

அக்காலத்தில் கோதாவரிக் கழிமுகப் பகுதி, நீர் நடுவே வறண்ட நிலமாக இருந்தது. 1832, 1833ஆம் ஆண்டுகளில் ஆந்திரக் கடற்கரைப் பகுதியைக் கொடும்பஞ்சம் வாட்டியது. குண்டூர்ப் பகுதியில் மட்டும் ஐந்து லட்சம் மக்களுள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் மாண்டனர். 1839இல் கோரங்கி அருகே வீசிய புயலும் கடல்நீர்ப் பெருக்கும் பேரழிவை விளைவித்தன. இருபது ஆண்டுகளில் இராஜமுந்திரி மாவட்டத்தின் மக்கள்தொகை பெருகுவதற்கு மாறாகக் குறைந்தது. மக்கள் பசியால் மடிந்துகொண்டிருந்த அதே நிலத்தின் நடுவே, ஆண்டுதோறும் கோதாவரி நீர் பயனின்றிக் கடலுக்குச் சென்றுகொண்டிருந்தது.

மாவட்டத்தின் நலிவை ஆராய அமர்த்தப்பட்ட ஹென்றி மான்ட்கோமரி, நீர்ப்பாசனமே தீர்வு என அறிவித்தார். காட்டன் ஆற்றை நேரில் ஆராய்ந்து 1844இல் தம் அறிக்கையை அளித்தார். தஞ்சையை ஒத்த நில அமைப்பும் தஞ்சையினும் மிகுந்த நீர்வளமும் கோதாவரிக்கு உண்டு. ஆயினும் தஞ்சை செழிக்க இப்பகுதி பட்டினி கிடக்கிறது. வேறுபாடு நீரை வயலுக்குக் கொண்டுசெல்லும் அமைப்பில்தான் உள்ளது என்பது அவருடைய வாதம். நீரைத் தேக்க ஓர் அணை, பகிர்ந்தளிக்கக் கால்வாய்கள், வெள்ளத்தைக் காக்கக் கரைகள், வடிகால்கள், படகு செல்லும் வழிகள் ஆகிய அனைத்தும் ஒருங்கிணைந்த திட்டமாக அவ்வறிக்கை அமைந்தது.

தவளேசுவரம் அணை

இராஜமுந்திரிக்குக் கீழே தவளேசுவரம் என்னும் ஊரருகில் அணை கட்டுமிடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. தீவுகளையும் சேர்த்தால் ஆறு அங்கே ஏறத்தாழ நான்கு மைல் அகலம் உடையது. அகன்ற இடத்தைத் தேர்ந்தது வியப்பாகத் தோன்றலாம். குறுகிய இடத்தில் வெள்ளம் ஆழமும் வேகமும் மிகுந்து பாயும். அடிமணல் பெரிதும் அரிக்கப்படும். அகன்ற இடத்தில் அதே வெள்ளம் பரந்து, ஆழம் குறைந்து, அணையின்மேல் மெல்லிய படலமாக வழியும். மேலும், இடையிலுள்ள தீவுகள் ஆற்றை நான்கு கிளைகளாகப் பிரித்திருந்தன. ஒவ்வொரு கிளையிலும் தனித்தனியே பணி செய்ய அது வாய்ப்பளித்தது. அருகிலேயே கல் வெட்டி எடுக்கத்தக்க குன்றுகளும் இருந்தன.

1847இல் பணி தொடங்கியது. தவளேசுவரம், ராலி, மத்தூர், விஜ்ஜேசுவரம் என நான்கு பகுதிகளாக அணை எழுந்தது. ஆற்றில் வேலை செய்யக் கிடைத்த காலம் மிகக் குறுகியது. மழைவெள்ளம் வடிந்தபின் தொடங்கி, அடுத்த மழைக்காலத்துக்கு முன் செய்த பணியைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கிளையை அடைத்தால், அடைபடாத கிளைகளில் நீர் முன்னிலும் வேகமாகப் பாய்ந்து படுகையைக் குடையும். எந்தப் பகுதியை முதலில் கட்டுவது, எதனை இறுதிவரை திறந்துவைப்பது என்னும் முடிவு ஒவ்வொன்றும் ஆற்றின் போக்கைக் கணித்தே எடுக்கப்பட்டது.

காட்டன் கேட்ட அளவுக்குப் பயிற்சி பெற்ற பொறியாளர்கள் கிடைக்கவில்லை. கேட்ட பணமும் குறைத்தே வழங்கப்பட்டது. பணியின் உச்சத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் தொழிலாளர்கள் உழைத்தனர். கல் உடைப்போர், கொல்லர், தச்சர், கொத்தனார், மண் சுமப்போர் எனப் பலதிறப்பட்டோரின் உழைப்பால் அணை உருவாயிற்று. தொழிலாளர்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் வீணம் வீரண்ணா என்னும் இந்திய அலுவலர் சிறந்து விளங்கினார். கடும் வெயிலில் அலைந்ததால் காட்டனின் உடல்நலம் குன்றியது. அவர் சிலகாலம் விலகியிருக்க நேர்ந்தபோது, சார்லஸ் ஆர் என்னும் பொறியாளர் பணியைத் தொடர்ந்து நடத்தினார்.

அணையின் அமைப்பில் கல்லணையின் பாடம் தெளிவாகத் தெரிந்தது. மணலில் இறக்கிய கிணறுகள்மேல் சுவர் எழுப்பி, அதன் பின்புறம் நெடுந்தொலைவுக்குப் பெருங்கற்கள் பரப்பப்பட்டன. வெள்ளம் அக்கற்களுள் சிலவற்றை மணலுள் புதைக்கும் என்பது முன்னரே எதிர்பார்க்கப்பட்டது. புதைந்த இடங்களில் ஆண்டுதோறும் மேலும் கற்களைக் கொட்டி, தளம் உறுதிபெறும் வரை காத்திருப்பதே திட்டமாக இருந்தது. இருபுறத் தலைமதகுகளும் மணற்போக்கிகளும், படகுகள் ஒரு நீர்மட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்கான அடைப்பறைகளும் அமைக்கப்பட்டன. 1852இல் அணை நிறைவுற்றது. ஆற்றுக் கிளை ஒன்றன்மேல் 49 வளைவுகள் கொண்ட கன்னவரம் நீர்ப்பாலத்தைக் கட்டி, கடலோரத் தீவுப் பகுதிக்கும் கால்வாய் நீர் கொண்டுசெல்லப்பட்டது.

வறண்டு கிடந்த நிலம் நெல்வயலாக மாறியது. உயிர்களைப் பலிகொண்ட பகுதி, பிற மாவட்டங்களுக்கு உணவளிக்கும் களஞ்சியமாயிற்று. காட்டனின் முயற்சியைத் தொடர்ந்து விஜயவாடாவில் கிருஷ்ணை ஆற்றின் குறுக்கேயும் அணை கட்டப்பட்டு 1855இல் நிறைவுற்றது.

வெற்றியும் எல்லையும்

காட்டன் 1860இல் இந்தியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1861இல் சர் பட்டம் வழங்கப்பட்டது. அதன்பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. இந்தியாவின் பெரிய ஆறுகளைக் கால்வாய்களால் இணைத்தால் பாசனமும் போக்குவரத்தும் ஒருங்கே வளரும் எனத் தொடர்ந்து எழுதினார். இரயில்பாதைகளுக்குச் செலவிடும் பெரும்பணத்தில் ஒரு பகுதியை நீர்வழிகளுக்குச் செலவிட வேண்டும் என்று வாதிட்டார். பஞ்சகாலத்தில் இரயில் வண்டி உணவை ஏற்றிச் செல்லும். ஆனால் உணவை விளைவிக்காது என்பது அவர் வாதத்தின் சாரம்.

அவருடைய கணிப்புகள் அனைத்தும் மெய்ப்படவில்லை. ஒரிசாவில் மகாநதிக் கழிமுகத்திலும், துங்கபத்திரை ஆற்றிலிருந்து கர்நூல், கடப்பைப் பகுதிக்கும் தனியார் நிறுவனங்கள்வழி அவர் தூண்டிய திட்டங்கள் எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. அரசே அவற்றை ஏற்க வேண்டியதாயிற்று. தவளேசுவரத்தில் பொருந்திய கணக்கு எல்லா ஆற்றுக்கும் எல்லா நிலத்துக்கும் பொருந்தவில்லை. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் சூறையாடியபோது, நீர்ப்பாசனம் குறித்த விவாதம் மீண்டும் எழுந்தது. 1878இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவின்முன் காட்டன் தம் கருத்துகளை எடுத்துரைத்தார். குழு அவற்றை ஏற்றுக்கொள்ளவில்லை.

எனினும் அப்பஞ்சத்தின்போது கோதாவரிக் கழிமுகம் பிழைத்தது என்னும் உண்மையை எவராலும் மறுக்க இயலவில்லை. கம்பெனி அணை கட்டியதற்கு வரி வருவாயும் ஒரு காரணம்தான். ஆனால் பஞ்சத்தைத் தவிர்க்க முடியாத விதி என்று பலர் கருதிய காலத்தில், அதனைத் தவிர்க்கத்தக்க தவறாகக் கண்டவர் காட்டன் என்பதே அவரை மற்றவரினின்றும் வேறுபடுத்தியது.

முதுமையில் இங்கிலாந்தின் டார்க்கிங் நகரில் வாழ்ந்த அவர், நிலத்தை ஆழ உழுது பயிரிடும் முறைகளை ஆய்ந்து பார்ப்பதில் ஈடுபட்டார். 1899ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், தம் 96ஆம் வயதில் மறைந்தார். அடுத்த ஆண்டு அவருடைய வாழ்க்கை வரலாற்றை மகள் எலிசபெத் நூலாக வெளியிட்டார்.

முடிவுறாத பணி

கோதாவரியில் காட்டன் எழுப்பிய அணை பிற்காலத்தில் பலமுறை உயர்த்தப்பட்டது. நூற்றாண்டு கடந்து அது தளர்ந்தபோது, 1970களில் அதன் அருகே கதவணை ஒன்று கட்டத் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 3.6 கிலோமீட்டர் நீளமுள்ள அப்புதிய அணை சர் ஆர்தர் காட்டன் அணை என்று பெயர் பெற்றது. ஏறத்தாழ பத்து லட்சம் ஏக்கர் நிலம் அதனால் பாசனம் பெறுகிறது. தவளேசுவரத்தில் அவர் பெயரில் அருங்காட்சியகம் உள்ளது. கோதாவரிக் கழிமுகத்து ஊர்கள் பலவற்றில் அவருடைய சிலைகளைக் காணலாம்.

ஆயினும் ஆறு அடங்கிவிடவில்லை. 1986 ஆகஸ்டில் கோதாவரியில் வினாடிக்கு ஏறத்தாழ 35 லட்சம் கன அடி வெள்ளம் பாய்ந்தது. கரைகள் பல இடங்களில் உடைந்து ஊர்கள் நீரில் மூழ்கின. அதன்பின் கரைகளை உயர்த்திப் பலப்படுத்தும் பணி மேற்கொள்ளப்பட்டது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் சென்றபோது, 182 ஆண்டுகளாக நின்ற முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. அங்கே மணல் மூட்டைகளாலும் கற்களாலும் தற்காலிகத் தடுப்பு அமைக்கப்பட்டுப் பின்னர்ப் புதிய கதவணை எழுப்பப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் எழுந்த வினாவே மீண்டும் எழுந்து, புதிய விடையைக் கோரியது.

அணையும் கரையும் ஆற்றை வென்றதற்கான அடையாளச் சின்னங்கள் அல்ல. அவை ஆற்றோடு மனிதர் செய்துகொண்ட உடன்பாடுகள். மணல் படிகிறதா, படுகை அரிக்கப்படுகிறதா, கரை தளர்கிறதா என்று தலைமுறைதோறும் கண்காணிப்பவர் இருக்கும் வரையே அவ்வுடன்பாடு நிலைக்கும். மணலுள் இறங்கிய கல்லின்மேல் மற்றொரு கல்லை வைத்த கல்லணைத் தொழிலாளி அறிந்ததும், அவ்வணையைக் கண்டு காட்டன் கற்றதும் இதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள ஆறு, ஏரி அல்லது வாய்க்காலில் அமைந்துள்ள மதகு, கலிங்கு, கரை ஆகியவற்றைப் பார்வையிட்டு, அவற்றின் பயனையும் தற்போதைய நிலையையும் எழுதுக.

2. மேலணை கட்டியபின் காவிரியில் ஏற்பட்ட மாற்றத்தைப் படம் வரைந்து வகுப்பறையில் விளக்குக.

3. வெள்ளத்தைத் தடுக்கக் கரைகளை உயர்த்துவது மட்டுமே போதுமா என்னும் பொருளில் குழுக்களாகப் பிரிந்து விவாதிக்க.